பதிமூன்றாம் நாள் தீவனம்

இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுத்துவிட்டு நான் உன் ஹேச்சரி கேட்டுக்கு வெளியே போய் நிற்பேன். நின்றுகொண்டு படித்தாலும் சரி, தொட்டி மேட்டில் உட்கார்ந்து படித்தாலும் சரி, கடைசி வரி வரை படித்த பிறகுதான் தீவன வாளியைத் தொட வேண்டும். உன்னிடம் இவ்வளவு கறாராக நான் எதையும் கேட்டதில்லை. உன் கல்யாணத்துக்குக்கூட நிபந்தனை போட மாட்டேன், பெண்ணை நீயே பார்த்துக்கொள். இதில் மட்டும் அப்பன் சொல்வதைக் கேள்.

இதை எழுதுகிற இன்று உன் கொடுவா மீன் குஞ்சுகளுக்குப் பன்னிரண்டாம் நாள். 'நைனா, பொரிஞ்சிடிச்சி' என்று நீ போனில் கத்திய வெள்ளிக்கிழமையிலிருந்து, நம் வீட்டு காலண்டரில் ஒவ்வொரு தேதியின் மேலும் பென்சிலால் எண் போட்டு வருகிறேன். உன் அம்மா அதை என் மாத்திரைக் கணக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இந்தப் பன்னிரண்டு நாளில் நான்கு தடவை உனக்குப் போன் செய்தேன். முதல் தடவை மழையைப் பற்றிப் பேசினேன். இரண்டாம் தடவை அம்மாவின் முட்டி வலியைப் பற்றி. மூன்றாம் தடவை ஒரு வழியாக வாயைத் திறந்து, "பதிமூணாம் நாளே பொடி தீவனம் வோணாமே, இன்னும் ஒரு வாரம் போவட்டுமே" என்றேன். நீ சிரித்தாய். "நீ வரைஞ்ச அட்டவணை நைனா அது. நீயே பயந்தா எப்டி? அங்க தண்ணி கலீஜு, அதான் செத்துச்சி. இங்க தண்ணி கண்ணாடி மாரி கீது" என்றாய். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

நான்காவது தடவை இன்று மத்தியானம். "ஆர்டிமியா முட்டைய இன்னிக்கும் ஊறப்போடு, காரணம் கேக்காத" என்றேன். "எதுக்கு நைனா வேஸ்ட்டா, நாளைக்குத்தான் நிறுத்தப்போறோமே, சார் கூப்புடறாரு, அப்பால பேசறேன்" என்று வைத்துவிட்டாய். நீ ஊறப்போட்டாயா இல்லையா என்று எனக்குத் தெரியாது. இன்று ஊறினால்தான் நாளைக் காலையில் அந்தப் பொடிப் பூச்சிகள் பொரிந்து உன் குஞ்சுகளுக்கு உயிருள்ள இரையாகும். இதை எழுதும்போது என் மண்டைக்குள் ஓடுவதெல்லாம் அந்த ஒரு கேள்விதான். என் கையெழுத்து கோணுகிறதென்றால் அதற்கு வயது காரணம் இல்லை.

அந்த அட்டவணைக்கு வருகிறேன். போன வருஷம் நீ சர்ட்டிபிகேட் தேடித் தகரப் பெட்டியைக் கவிழ்த்தபோது அது வெளியே விழுந்தது. கட்டம் போட்ட தாள், எந்த நாளில் என்ன இரை என்று பட்டியல், மேலே ஒரு கோடு ஏறுகிற படம். "இன்னா நைனா, நீ வரைஞ்சதா?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன். அது பொய் இல்லை. நீ அதை மடித்து உன் ஃபைலில் வைத்துக்கொண்டாய். அப்போதே பிடுங்கிக் கிழித்திருக்க வேண்டும். வேலைக்கான நேர்காணலில் அதைக் காட்டினாய் என்றும், உன் மேலதிகாரி அசந்துபோனார் என்றும், 'எங்க நைனா பத்தாவதுதான் படிச்சவரு, ஆனா கொடுவாவுக்கு எப்போ வவுறு வருதுன்னு கண்டுபுடிச்ச டீம்ல இருந்தவரு' என்று சொன்னாய் என்றும் வந்து சொன்னாய். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. நான் எழுந்து கொல்லைப்பக்கம் போனேன். எனக்கு ஆனந்தக் கண்ணீர் என்று நீங்கள் இருவரும் நினைத்துக்கொண்டீர்கள்.

எர்ணாவூரில் எங்கள் ஹேச்சரி இருந்த இடம் உனக்கு நினைவிருக்கும். பழைய உப்புக் கிடங்கு. முன்னால் கன்டெய்னர் லாரிகள் நாள் முழுக்க வரிசையில் நிற்கும், பின்னால் கடல். காற்று வடக்கிலிருந்து அடித்தால் காயப்போட்ட சட்டையில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படியும், மேற்கிலிருந்து அடித்தால் மூக்கு எரியும். அந்த இடத்தில் மீன் குஞ்சு பொரிக்க வைக்கலாம் என்று முதலாளிக்கு யார் சொன்னார்களோ, ஆனால் பொரித்தோம். அதற்குக் காரணம் காதர். தண்டையார்பேட்டைக்காரன், பம்ப் ஷெட்டில் வேலை, என் தோஸ்து. கடல் ஏறும் நேரத்தில் மட்டும்தான் பம்ப் போடுவான். இறங்கும்போது முகத்துவாரத்திலிருந்து சூடும் சாம்பலுமாகத் தண்ணீர் வெளியே வரும், அதை ஒரு சொட்டுக்கூட உள்ளே விட மாட்டான். ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு வைத்திருந்தான். அதில் கடல் தண்ணீரை ஊற்றி, ஒரு பீடி குடிக்கும் நேரம் காத்திருந்து, அடியில் கறுப்பு படிகிறதா என்று பார்ப்பான். படிந்தால் வாய்க்குள் திட்டிக்கொண்டு பம்பைத் தொடாமல் உட்கார்ந்திருப்பான். முதலாளியே வந்து கத்தினாலும் அசைய மாட்டான்.

மேடத்தை நீ பார்த்ததில்லை. மீன் குஞ்சுகளின் செரிமானம் பற்றிப் படித்தவர், முதலாளி கேட்டதற்காகச் சனிக்கிழமைதோறும் வந்து போனார். நீ நான்கு வருஷம் கல்லூரியில் படித்ததை அவர் எனக்கு ஒரு டீ குடிக்கும் நேரத்தில் சொல்லித் தந்தார். "மூணாம் நாளே வாய் திறந்துடும். ஆனா உள்ள நேரா ஒரு குழாய்தான், வயிறு இன்னும் வரலை. உயிரோட இருக்கற இரை மெத்துனு இருக்கும், குடல்ல இருக்கற கொஞ்சநஞ்ச நொதிக்கே கரைஞ்சிடும். காஞ்ச தீவனம் அப்படி இல்லை. அதுக்கு வயிறு வேணும், அமிலம் வேணும், பெப்சின் சுரக்கணும். அதுக்கு முன்னாடி பொடியைப் போட்டா சாப்பிடாதுன்னு நினைச்சுடாதீங்க. நல்லா சாப்பிடும். அதான் பயம்" என்றார். நம் கொடுவாவுக்கு அந்த வயிறு எத்தனையாம் நாள் வருகிறது என்று நம் தொட்டியிலேயே பார்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. தெரிந்துவிட்டால் பொடிக்கு மாறும் நாளைக் குத்துமதிப்பாக வைக்க வேண்டியதில்லை.

அதற்கு என் வேலை இது. நான்காம் எண் தொட்டியிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு, முதல் இரை கொடுப்பதற்கு முன்னால், குடல் காலியாக இருக்கும்போது ஒரு கை வலை குஞ்சு எடுக்க வேண்டும். அலசி, சின்னக் குப்பியில் போட்டு, நாளையும் தொட்டி எண்ணையும் பென்சிலால் எழுதி ஃப்ரீசரில் வைக்க வேண்டும். சனிக்கிழமை மேடம் ஐஸ் பெட்டியில் எடுத்துப் போவார். அரைத்து, ஒரு புரதக் கரைசலில் விட்டு, புரதம் எவ்வளவு கரைகிறது என்று பார்ப்பார்; கரைந்தால் பெப்சின் வந்துவிட்டது, அதாவது வயிறு வந்துவிட்டது என்று கணக்கு. என்னை 'அசிஸ்டென்ட்' என்று கூப்பிடுவார். அந்த வார்த்தைக்கு நான் மயங்கிப்போனேன், ஒளிக்க என்ன இருக்கிறது. குப்பி வேலையை இன்னொருவனுக்குக் கற்றுக்கொடுக்கவே இல்லை. காதர் கேட்டபோதுகூட, "இதெல்லாம் ஒனக்குப் பிரியாது மாமு" என்று சொன்னேன்.

அந்த வருஷம்தான் உன்னை ஆறாம் வகுப்பில் சேர்க்க ராயபுரத்து பெரிய பள்ளிக்கூடத்துக்கு அலைந்தோம். விண்ணப்பம் வெள்ளிக்கிழமை கொடுப்பதாகப் போர்டு போட்டிருந்தார்கள். விடியும் முன்னே போய் நின்றேன். எனக்கு முன்னால் பாதித் தெரு நின்றது. எனக்கு நான்கு பேர் முன்னால் தாள் தீர்ந்துவிட்டது. சனிக்கிழமை இன்னும் சீக்கிரம் போனேன், கிடைத்தது. அந்தத் தாளை மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்ததை அம்மா இன்னும் சொல்லிச் சிரிப்பாள். அவள் சொல்லாத பாதி இது: அந்த இரண்டு நாளும் நான் ஹேச்சரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து. நான்காம் தொட்டிக் குஞ்சுகள் ஆர்டிமியா தின்று வயிறு ஆரஞ்சு நிறமாக நீந்திக்கொண்டிருந்தன. பன்னிரண்டாம் நாள், பதிமூன்றாம் நாள், இரண்டு குப்பியும் காலி.

'எடுக்கவில்லை' என்று எழுதி அந்த இரண்டு கட்டத்தையும் வெறுமனே விட்டிருக்கலாம். யாரும் என்னைத் தூக்கில் போட்டிருக்க மாட்டார்கள். மேடம் ஒரு பெருமூச்சு விட்டிருப்பார், அவ்வளவுதான். ஆனால் அசிஸ்டென்ட் தவறவிடலாமா? இரண்டாம் எண் தொட்டியில் ஒரு வாரம் மூத்த குஞ்சுகள் இருந்தன. கொடுவா தன் இனத்தையே தின்னும் என்பதால் பொடிசுகளைப் பிரித்துத் தனி பிளாஸ்டிக் பேசினில் விட்டிருந்தோம். அந்த பேசினுக்கு இரை கடைசியில்தான் போகும். பத்து மணிக்கும் அவை பட்டினி, குடல் காலி. வளர்த்தியும் நான்காம் தொட்டிக் குஞ்சுகள் அளவுதான். வெள்ளிக்கிழமை ஒரு கை, சனிக்கிழமை ஒரு கை. நாள் பன்னிரண்டு, நாள் பதிமூன்று, தொட்டி நான்கு என்று அழகாக எழுதி வைத்தேன். மீன் மீன்தானே, இதில் என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்தேன். அன்று சாயந்திரம் மேடம் வந்து பெட்டியை எடுத்துப் போனார். நான் உன் விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தேன்.

கொஞ்ச நாள் கழித்து மேடம் ஒரு தாளோடு வந்தார். முகத்தில் குழப்பம். பன்னிரண்டிலும் பதிமூன்றிலும் பெப்சின் இருக்கிறது, பதினான்கு, பதினைந்து, பதினாறில் இல்லை, பதினேழிலிருந்து மறுபடி இருக்கிறது. "வந்த வயிறு மூணு நாள் லீவுல போகுமா? குப்பி எதாவது மாறிடுச்சா? நல்லா யோசிச்சு சொல்லுங்க" என்று கேட்டார். கோபமே இல்லை அந்தக் குரலில். சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு வாழ்க்கையில் கிடைக்கவில்லை. நான், "குப்பி சரிதான் மேடம். அந்த அடுத்த செவ்வாக்கெயம பதினாறாம் நாளு, அன்னிக்குப் பூரா கரண்ட்டு இல்ல, ஃப்ரீசர் எளகிப்போச்சு" என்றேன். கரண்ட் போனது ஒரு மணி நேரம். பதினான்கு, பதினைந்து, பதினாறு மூன்றும்தான் அப்போது ஃப்ரீசரில் இருந்தன. "ஓ, அப்ப அந்த மூணும் கெட்டுப்போயிருக்கும்" என்று அவர் அந்த மூன்றையும் அடித்தார். உண்மையான மூன்றையும் அடித்துவிட்டு, என் பொய்யான இரண்டை வைத்துக்கொண்டார். பதிமூன்றிலிருந்து பதினேழுக்கு ஒரு புள்ளிக் கோடு இழுத்து, பொடிக்கு மாறும் நாள் பதிமூன்று என்று எழுதினார். "உங்க கையெழுத்து நல்லா இருக்கு, நீங்களே ஃபேர் காப்பி போடுங்க" என்றார். போட்டேன். ஒன்று சுவருக்கு, ஒன்று எனக்கு. உன் ஃபைலில் இருப்பது எனக்கு வைத்துக்கொண்டது. எடுத்துப் பார், நடுவில் அந்தப் புள்ளிக் கோடு இருக்கும்.

அதற்குப் பிறகு மேடம் மேல்படிப்புக்காக வெளிநாடு போய்விட்டார். அடுத்த முறை பொரித்த குஞ்சுகளுக்கு முதலாளி சுவரைப் பார்த்தார், பதிமூன்றாம் நாள் ஆர்டிமியாவை நிறுத்தச் சொன்னார். நானே என் கையால் பொடியைத் தூவினேன். மொய்த்துக்கொண்டு வந்து தின்றன. ஒவ்வொன்றின் வயிறும் பழுப்பு நிறமாகப் புடைத்துக்கொண்டு வெளியே தெரிந்தது. முதலாளி என் முதுகில் தட்டினார். இரண்டு நாள் எல்லாம் நன்றாகவே இருந்தது, அதுதான் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. உனக்கும் இரண்டு நாள் நன்றாகத்தான் இருக்கும். மூன்றாம் நாள் குஞ்சுகளின் உடம்பு கறுத்தது. நான்காம் நாள் தண்ணீர் மேல் வந்து பம்பரமாகச் சுற்ற ஆரம்பித்தன. அப்போதும் தூவினால் தின்றன. ஆறாம் நாள் வலை போட்டு அள்ளினோம். ஞாயிற்றுக்கிழமை அது. நீ எனக்குச் சோற்று கேரியர் கொண்டு வந்தாய், வாளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "நைனா, வவுறு ரொம்பித்தான கீது, அப்புறம் ஏன் சாவுது?" என்று கேட்டாய். தண்ணீர் சரியில்லை என்று சொன்னேன். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் நீ மீன்வளம் படிக்கப் போனாய் என்று உன் வாத்தியாரிடம் சொன்னாயாம். நான் சொன்ன பதிலை இத்தனை வருஷமும் நம்பிக்கொண்டிருக்கிறாய்.

நீ போன பிறகு செத்த குஞ்சு ஒன்றை எடுத்து இரண்டு கண்ணாடித் தகடுக்கு நடுவில் வைத்து அமுக்கி மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். உள்ளே போன தீவனம் போனது போலவே மணி மணியாக வெளியே வந்தது. ஒன்றுகூடக் கரையவில்லை. வயிறு முட்டத் தின்றுவிட்டுப் பட்டினியில் செத்திருந்தன. எனக்கு அந்த நிமிஷமே எல்லாம் புரிந்துவிட்டது. கண்ணாடியைக் கழுவித் துடைத்து இருந்த இடத்தில் வைத்தேன்.

எண்ணூர்த் தண்ணீரில் மீன் செத்தது என்றால் யார் நம்ப மாட்டார்கள்? தெருவில் போகிறவனைக் கேட்டாலும் தலையை ஆட்டுவான். தண்ணீர் யோக்கியம் என்று நான் சொல்லவில்லை. அதன் மேல் உனக்கு இருக்கிற கோபம் நியாயமானது, அதை விட்டுவிடாதே. ஆனால் இந்தக் கொலையை அது செய்யவில்லை. முதலாளி காதரைக் கூப்பிட்டார். கடல் இறங்கும் நேரத்தில் தூங்கிவழிந்து பம்ப் போட்டுவிட்டாய் என்றார். "அல்லா மேல ஆணையா இல்ல சார், தட்டுல ஊத்திப் பாத்துகினுதான் போட்டேன்" என்றான் காதர். முதலாளி என் பக்கம் திரும்பி, "நீ அங்கதான இருந்த, சொல்லு, இவன் எப்ப போட்டான்?" என்றார். "நான் பாக்கல சார்" என்றேன். அது ஒரு வகையில் உண்மைதான், பம்ப் ஷெட் என் தொட்டியிலிருந்து தெரியாது. காதர் என்னைப் பார்த்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் அந்தத் தட்டை மட்டும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான்.

புது பம்ப்காரன் வந்தான், அடுத்த குஞ்சுகளும் பதிமூன்றாம் நாள் பொடி தின்று அதே மாதிரி செத்தன. அப்போதும் சொல்லவில்லை. முதல் தடவை சொல்லாதவன் இரண்டாம் தடவை சொன்னால் முதல் தடவைக்கும் பதில் சொல்ல வேண்டுமே. முதலாளி இந்த ஊர்த் தண்ணீருக்கு ஒரு கும்பிடு என்று பூட்டிவிட்டுப் போனார். எல்லாருக்கும் வேலை போனது. நான் திருவொற்றியூரில் கன்டெய்னர் யார்டில் வாட்ச்மேன் ஆனேன். நம் வீட்டில் 'எண்ணூர்த் தண்ணி நைனாவோட ஹேச்சரிய கொன்னுட்சி' என்பது ஒரு கதையாகிவிட்டது. நீயே அதைப் பள்ளிக்கூடத்தில் கட்டுரையாக எழுதி ஒரு டம்ளர் பரிசு வாங்கினாய். அந்த டம்ளர் இன்னும் அலமாரியில் இருக்கிறது. அதில் நான் தண்ணீர் குடித்ததில்லை, நீங்கள் யாரும் கவனித்திருக்க மாட்டீர்கள்.

நேற்று காதரைத் தேடிப் போனேன். உன்னிடம் சொல்வதற்கு முன்னால் அவனிடம் சொல்லிப் பார்த்துவிடலாம் என்று ஒரு எண்ணம். ஒத்திகை என்று வைத்துக்கொள், அதுவும் கேவலம்தான். தண்டையார்பேட்டையில் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறான், தாடி முழுக்க நரைத்துவிட்டது. "இன்னா மாமு, வயி தவறி வன்ட்டியா, குந்து" என்று பெஞ்சைத் துடைத்தான். ஒட்டிய டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி வருகிறதா என்று பார்த்தான். வரவில்லை. மறுபடி முக்கினான். மூன்றாம் தடவையும் முக்கியபோது லாரிக்காரன், "யோவ் பாய், எத்தினி வாட்டிதான் பாப்ப?" என்று அலுத்துக்கொண்டான். லாரி போன பிறகு நான் எல்லாவற்றையும் சொன்னேன். பேசின், குப்பி, கரண்ட், எல்லாம்.

அவன் கையில் இருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். பிறகு, "நான்தான் கொன்னேன்னு நென்ச்சிகினு இருந்தேன் மாமு" என்றான். "அன்னிக்கு மொதலாளிகிட்ட இல்லன்னுதான் சொன்னேன். அப்பால வூட்டுக்குப் போய் யோசன பண்ணேன். ஒருவேள கண்ணசந்துட்டனோ, தட்ட ஒயுங்காப் பாக்கலியோன்னு. நீயே பாக்கலன்னு சொல்ட்ட. தோஸ்து பொய் சொல்லமாட்டான், அப்ப என் மேலதான் ஏதோ தப்பு கீதுன்னு. அன்னிலேர்ந்து எத ஒரு வாட்டி பாத்தாலும் எனுக்கு நம்பிக்க இல்ல." எனக்கு அழுகை வந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். அவன் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "எனுக்கு சொல்லி இன்னா ஆவப்போவுது? அந்தப் புள்ளைக்குச் சொன்னியா?" என்றான். இல்லை என்றேன். "அப்ப இங்க இன்னாத்துக்கு குந்திகினுகீற?" என்று எழுந்து உள்ளே போய்விட்டான். டீ சொல்லியிருந்தான், பையன் கொண்டு வந்து வைத்தான். குடிக்காமல் வந்தேன்.

ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். கடிதம் எழுதப்போகிறேன் என்றேன். அவள் திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். "லெட்டரு எழுதிட்டா ஆச்சா? போஸ்ட்மேன் எப்போ குடுப்பான்னு இங்க குந்திகினு இருப்பியா? நீயே எட்த்துகினு போ. அவன் முன்னாடி போய் நில்லு" என்றாள். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். காலையிலிருந்து என்னோடு பேசவில்லை. ஆனால் பைக்குள் புளிச்சோறு கட்டி வைத்திருக்கிறாள், உனக்குத் தனியாக ஒரு டப்பா. போனிலேயே சொல்லிவிடலாமே என்று நீ கேட்கலாம். பேச ஆரம்பித்தால் நான் மறுபடி மழையைப் பற்றித்தான் பேசுவேன், எனக்கு என்னைத் தெரியும். காகிதத்தில் மாட்டிக்கொண்டால் தப்பிக்க முடியாது.

இனி நீ செய்ய வேண்டியது. பொடியைத் தூவாதே. ஆர்டிமியா ஊறப்போட்டிருந்தால் பிழைத்தோம், அதையே கொடு. ஊறப்போடவில்லை என்றால் ரோட்டிஃபர் என்கிற அந்தக் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளை வளர்க்கிற தொட்டி முழுவதையும் வடிகட்டிக் கொட்டு, பத்தாவிட்டால் பக்கத்து ஹேச்சரியில் போய் ஒரு வாளி கேள், வெட்கப்படாதே. கொஞ்ச நேரம் பட்டினி கிடந்தாலும் அவை தாங்கும், பொய்யாக வயிறு நிரம்பினால் தாங்காது. உன் கல்லூரிப் புத்தகம் என்ன நாள் சொல்கிறதோ அதை நம்பு, அதையும் அப்படியே நம்பாமல் தினமும் ஒரு குஞ்சை அமுக்கிப் பார். ஒரு நாள் பார்க்க விட்டுப்போனால் விட்டுப்போனது என்றே எழுது. உன் கீழே வேலை செய்கிறவன் வந்து விட்டுப்போச்சு என்று சொன்னால் அவன் மேல் பாயாதே. அவன் பயப்படாமல் வந்து சொல்கிற மாதிரி அவனை வைத்துக்கொள், அது போதும்.

உன் மேலதிகாரியிடம் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியவில்லை. அட்டவணை தப்பு என்றால் யார் சொன்னது என்று கேட்பார். எங்கள் நைனா சொன்னார் என்றால், வரைந்ததும் அவர்தானே என்பார். உன் பெயர் கெடும், என் பெயரைச் சொல்லிப் பெருமைப்பட்ட இடத்திலேயே தலை குனிய வேண்டிவரும். அவர் கூப்பிட்டால் நானே உள்ளே வந்து சொல்கிறேன். இந்தத் தடவை 'நான் பாக்கல சார்' என்று சொல்ல மாட்டேன். ஒருவேளை நீ என்னை நம்பாமலும் போகலாம். அந்தத் தாளில் இருப்பதும் என் கையெழுத்து, இதில் இருப்பதும் அதே கையெழுத்துதான். அதில் எழுத்து இதைவிட அழகாக இருக்கும். எதை வைத்துக்கொள்வது என்று நீதான் முடிவு செய்ய வேண்டும், எனக்குக் கோபித்துக்கொள்ள உரிமை இல்லை.

சாயந்திரம் ஐந்தரை மணி பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன். விடியும்போது உன் ஊரில் இறங்கிவிடலாம் என்று சொன்னார்கள். ஆறு மணிக்கு முன்னால் உன் கேட்டில் இருப்பேன், அந்த இரண்டு நாளும் நான் இல்லாத அதே ஆறு மணி. உள்ளே கூப்பிட வேண்டும் என்று இல்லை, பேசவும் வேண்டாம். நீ தொட்டிக்குத் தூக்கிக்கொண்டு போகும் வாளி ஆரஞ்சா பழுப்பா என்று கேட்டிலிருந்தே எனக்குத் தெரியும்.